பெயர் மட்டும் போடவில்லை

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. மெல்போர்னில் நான் வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மேசை மேல் கிடந்த கைப்பேசி ஒளிர்ந்தது. முதலில் கண்ணில் பட்டது மைக் பிடித்த ஒரு கை. பிறகு அந்தக் கைக்குரிய சிரித்த முகம். கோவில்பட்டியில் அப்போது காலை ஐந்து ஐம்பது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அன்றைய நாளிதழின் மாவட்டப் பக்கத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

நான் பதினோரு வருடம் திருநெல்வேலியில் அதே நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். செய்தியைப் படிக்கும் முன் படத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அது காவல்துறை கொடுத்த படம் அல்ல. கைதானவரைக் காவல்துறை படம் எடுத்தால் பின்னால் சுவர் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்காது. இது விளம்பரப் படம். சில மாதங்களுக்கு முன் அவர் நடத்திய மூன்று நாள் நற்செய்திக் கூட்டத்துக்கு இதே நாளிதழ் கால் பக்க விளம்பரம் வெளியிட்டது. 'வல்லமையான தேவ ஊழியர்' என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே இதே படம். அதை அப்படியே வெட்டி எடுத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் 'வாரீர்' என்பதன் கடைசி எழுத்து பாதி தெரிந்தது.

தலைப்பு: 'ஜெபம் செய்வதாக அழைத்து இளம்பெண்ணிடம் லீலை. பாதிரியார் கைது.'

செய்தியின் மூன்றாவது வரியில் பெண்ணின் ஊர் இருந்தது. நான்காவது வரியில் இருபத்திரண்டு வயது, தீப்பெட்டித் தொழிலாளியின் மகள், தனியார் பள்ளி ஆசிரியை, சபையில் கீபோர்டு வாசிப்பவர். சட்டப்படி பெயரைத் தவிர்த்திருந்தார்கள்.

அந்த ஊரில் அந்தச் சபை ஒன்றுதான். சபைக்குக் கீபோர்டு ஒன்றுதான். நான்காவது வரி முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என் தங்கையின் மகள்.

வீட்டில் யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நாளிதழ்தான் சொன்னது.

இதை எழுதும் முறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பியூலா என்று பெயர் வைத்திருக்கிறேன். அது அவள் பெயர் அல்ல. அவள் வாசிப்பது கீபோர்டும் அல்ல. அவள் அப்பாவின் தொழிலையும், என் வேலையையும் நகரத்தையும், எங்கள் ஊர்ப் பெயர்களையும்கூட மாற்றியிருக்கிறேன். கட்டுரையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். முழுவதையும் தொலைபேசியில் அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் எடுக்கச் சொன்ன இரண்டு வரிகளை எடுத்த பிறகே அனுப்புகிறேன். அவளுக்கு என்ன நடந்தது என்பது இதில் இருக்காது.

2

நகராட்சியில் என் வேலை விசித்திரமானது. பொதுமக்கள் எழுதும் புகார்க் கடிதங்களை வேறு யாராவது பார்க்கக் கேட்டால், கொடுக்கும் முன் நான் அவற்றில் கறுப்புக் கோடு போட வேண்டும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று ஒருவர் எழுதியிருப்பார். அவர் பெயர் கறுப்பு. தெரு கறுப்பு. மூலை வீடு என்று எழுதியிருந்தால் அதுவும் கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் எங்கள் மேற்பார்வையாளர் அம்மாள் சொன்னது இதுதான்: பெயரை அடித்தால் போதாது. சின்னச் சின்ன விவரம் மூன்றைச் சேர்த்தால் ஒரு ஆள் எழுந்து நிற்பார்.

அன்று என் மேசையில் இருந்தது காரை நிறுத்தியதற்கு அபராதம் வாங்கிய ஒருவரின் முறையீடு. காரின் நிறத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன். நாய் குரைப்பதாகப் புகார் சொன்னவருக்கும், காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியவருக்கும் ஒரு அரசு அலுவலகம் இவ்வளவு காவல் நிற்கிறது. ஒரு சபைத் தலைவர் மீது புகார் கொடுக்கும் துணிவு வந்த பெண்ணை, அவள் ஊரோடும் வேலையோடும் அப்பாவோடும் சேர்த்து நான்கு வரியில் நிறுத்திக் காட்டிவிட்டார்கள்.

மாடிப்படியில் நின்று தங்கையை அழைத்தேன். எடுத்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புகார் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றாள். நான் தூரத்தில் இருக்கிறேன், சொன்னால் சங்கடப்படுவேன் என்று பியூலாதான் தடுத்திருக்கிறாள். நேற்று வரை விஷயம் வீட்டுக்குள்ளும் காவல் நிலையத்துக்குள்ளும் இருந்தது.

"இப்பதாண்ணே பால் வாங்கப் போனேன். கடையில பேப்பர மடிச்சு வச்சுக்கிட்டு எல்லாரும் என்னையே பாக்குதாவ. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அதான் தாங்க முடியல."

மற்றது அன்று பிறகு பேசியபோதெல்லாம் தெரிந்தது. ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். பியூலா கொஞ்ச நாள் லீவில் இருந்தால் நல்லது என்று தலைமை ஆசிரியை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன அவள் அப்பா தேவராஜ், ஒன்பது மணிக்கே திரும்பிவிட்டார். பக்கத்து மிஷினில் நிற்பவர் 'பேப்பர்ல வந்தது உம்ம மவளா' என்று கேட்டாராம்.

அடுத்த வாரம் பியூலா மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வழக்கு நிற்காது. அதற்குள் சபை மூப்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டு, புகாரைத் திரும்பப் பெறுவது பற்றி மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். செய்தி வரும் வரை தேவராஜ் அவர்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. செய்தி வந்த அன்று சாயங்காலம் அவரே மகளிடம் சொல்லியிருக்கிறார்: "விட்டுருவோம்மா. இனிமே நம்மளால ஊருக்குள்ள நடக்க முடியாது."

மூப்பர்களால் பன்னிரண்டு நாளில் முடியாததை நாளிதழ் ஒரே காலையில் செய்து கொடுத்தது.

3

நாளிதழுக்கு அந்தச் செய்தியை எழுதி அனுப்பியவர் முருகேசன். நான் செய்தி மேசையில் இருந்த காலத்தில் பகுதி நேர நிருபராக இருந்தவர். இப்போது கோவில்பட்டிக்கு முழுப் பொறுப்பு. கெட்டவர் அல்ல. மழை பொய்த்துக் கரிசல் நிலம் வெடித்துக் கிடந்த வருடம், பயிர்க் காப்பீடு கிடைக்காத விவசாயிகளைப் பற்றிப் பசுவந்தனைப் பக்கம் ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் போய் அவர் எழுதிய செய்திகளை நான்தான் பக்கத்தில் ஏற்றினேன்.

அவரை அழைத்து, பியூலா என் மருமகள் என்று சொன்னேன். "பேரு போடலியே அண்ணாச்சி" என்றார்.

சட்டம் பெயரை மட்டும் சொல்லவில்லை, அடையாளம் தெரியும்படி எதையும் போடக் கூடாது என்கிறது என்றேன். ஊரை ஏன் போட்டாய், கீபோர்டை ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"ஊரும் வயசும் தகப்பன் தொழிலும் இல்லாத போலீஸ் செய்தி, செய்தியே இல்லன்னு நீங்கதான டெஸ்க் கண்ணாடியில எழுதி ஒட்டுனீங்க? அந்தத் தாளு இன்னும் அங்கனதான் இருக்கு. மஞ்சளாயிட்டு, ஆனா இருக்கு."

அது உண்மை. ஐந்து விவரங்களின் பட்டியல் அது. விபத்தில் இறந்தவர் யார் என்று வாசகர் தேடித் தவிக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன். விபத்துக்கு எழுதியதைத் திருட்டுக்கு வைத்துக்கொண்டோம், திருட்டுக்கு வைத்ததை இதற்கும் வைத்துக்கொண்டோம். நானே எத்தனை பெண்களுக்கு ஊரும் தொழிலும் சேர்த்துப் பக்கம் முடித்திருப்பேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. இரவு ஒன்பதரைக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு தலைப்புக்கு நான்கெழுத்து இடம் இருக்கும். 'லீலை' பொருந்தும். 'பாலியல் வன்கொடுமை' பொருந்தாது. அந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு குற்றத்தை விளையாட்டாக மாற்றினோம்.

'பாதிரியார்' என்பதும் அப்படித்தான். கைதானவர் தனியாகச் சபை நடத்துபவர், தொலைக்காட்சியில் வாரம் ஒரு நாள் பேசுபவர். எங்கள் ஊர்ப் பழைய தேவாலயத்தின் குருவானவருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்று பேருந்தில் வெள்ளை அங்கியோடு ஏறிய குருவானவருக்குப் பக்கத்து இருக்கையில் மணியாச்சி வரை ஒருவரும் உட்காரவில்லையாம்.

முருகேசன் கடைசியாக ஒன்று சொன்னார். அதையும் எழுதாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். "நாங்க போடலன்னா இந்நேரம் மூடிருப்பாவ அண்ணாச்சி. புகார் குடுத்து பத்து நாளு ஸ்டேஷன்ல அசையவே இல்ல. நான் போயி கேட்டேன், மறுநாளு அரெஸ்ட்டு."

அதை நான் மறுக்கவில்லை. செய்தி வேண்டும். போதகரின் பெயர் வேண்டும், சபையின் பெயர் வேண்டும், புகாரைப் பத்து நாள் வைத்திருந்தது யார் என்பது வேண்டும். கடைசியாகச் சொன்னது அவர் செய்தியில் இல்லவே இல்லை. கேட்டபோது, "ஸ்டேஷன்ல நாளைக்கும் போயி நிக்கணும்லா" என்றார். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்களின் விவரத்தை விட்டுவிட்டு, விழிக்கத் தேவையில்லாத பெண்ணின் விவரத்தைப் போட்டிருக்கிறார்.

இணையப் பதிப்பிலாவது ஊரையும் வேலையையும் நீக்கச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினேன். வாசகரின் கருத்துக்கு நன்றி என்று உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

4

அடுத்த மூன்று நாள் இந்த விவகாரத்தைப் பற்றி எங்கெல்லாம் வந்ததோ அதையெல்லாம் பார்த்தேன்.

ஒரு யூடியூப் சானலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் இருபது நிமிடம் பேசினார். மதமாற்றம், வெளிநாட்டுப் பணம், கிராமங்களில் முளைக்கும் சபைகள். பியூலா ஒரு முறை வந்தாள், 'அப்பாவி இந்துப் பெண்' என்று. அவள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அவள் சபை மாறினாள், மதம் மாறவில்லை. இதைச் சொன்னால் அவருடைய இருபது நிமிடம் நிற்காது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ மாத இதழின் இணையதளம். போதகரின் கட்டுரைகளை ஐந்தாறு வருடமாக வெளியிட்ட இதழ். அதில் கைது இல்லை, வழக்கு இல்லை. 'ஊழியர்களுக்கு எதிராக எழும்பும் போராட்டங்களுக்காக ஜெபியுங்கள்' என்று ஜெபக் குறிப்புகளில் ஏழாவதாக ஒரு வரி. ஆறாவது, தேர்வு எழுதும் மாணவர்களுக்காக. அவருடைய பழைய கட்டுரைகளை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தார்கள். அதாவது அவர்களுக்குச் செய்தி தெரியும்.

நான் வந்து சேர்ந்திருக்கும் நாட்டிலாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கேட்பீர்கள். இதே வருடம் இங்கே ஒரு பெரிய சபையின் தலைமைப் போதகர் விலகினார். ஞாயிறு நாளிதழ் இரண்டு முழுப் பக்கம் கொடுத்தது. நல்ல தாள், நல்ல அச்சு. பத்திகளை எண்ணினேன், பழைய புத்தி. இருபத்தாறு. அவர் இளமை, அவர் குரல், அரங்கை நிரப்பிய விதம், அவர் மனைவியின் கண்ணீர். புகார் சொன்ன பெண் இரண்டு பத்தியில் 'ஒரு முன்னாள் ஊழியர்' என்று வந்து போனார். நடந்ததை 'ஒழுக்கத் தவறு' என்று சபை தன் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தது. நாளிதழ் மேற்கோள் குறிகூட இல்லாமல் அந்தச் சொல்லைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டது. கணக்காளர் கூட்டலில் பிசகுவதுபோல ஒரு தவறு. சில வாரம் கழித்து, அவர் கடற்கரை ஊரில் தங்கி மனம் ஆறிவருவதாக ஒரு பெரிய பேட்டி. அந்தப் பெண் எந்த ஊரில் தங்கி எப்படி ஆறினார் என்று எவரும் கேட்கவில்லை.

இரண்டு ஊரிலும் கதாநாயகர் அவர்தான். ஒன்றில் வில்லனாக, மற்றதில் வீழ்ந்தவராக. மதத் தலைவர் ஒருவர் விழும் சத்தம் நன்றாக விற்கிறது. அவர் யார் மேல் விழுந்தார் என்பதற்கு இடம் ஒதுக்குவதில்லை.

5

என் மகளுக்குப் பதினாறு வயது. ஏழு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நாளிதழ்த் தமிழ் அவளுக்கு ஓடாது. பியூலாவும் அவளும் தினமும் கைப்பேசியில் ஏதாவது அனுப்பிக்கொள்பவர்கள். மூன்று நாளாகப் பதில் வரவில்லை என்று கவலைப்பட்டவள், என் கைப்பேசியில் செய்தியைப் பார்த்துவிட்டாள். வாசித்துச் சொல்லச் சொன்னாள். மறைக்க முடியாது. வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'உல்லாசமாக இருந்ததாகக் கூறப்படுகிறது' என்ற இடத்தில் நின்றேன். பிறகு, சந்தோஷமாக இருந்தார் என்று அர்த்தம் என்றேன்.

"யாரு சந்தோஷமா இருந்தாங்க?"

"அவர்."

"அப்ப இது அவர் சைட்ல இருந்து எழுதினதா?"



6

மறுநாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். குடும்ப நெருக்கடி விடுப்புக்கான படிவத்தில் உறவுகளின் பட்டியல் உண்டு. துணைவர், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை. உடன்பிறந்தாரின் பிள்ளை இல்லை. பியூலாவின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போனவன் நான். ஒரு தாய்மாமன் எதற்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டும் என்பதை மனிதவள அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் அவளுடைய சட்டப்பூர்வப் பாதுகாவலரா என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். படிவத்தில் மட்டும் எந்தக் கட்டத்திலும் குறி போட முடியவில்லை.

சம்பளமில்லா விடுப்பில் போகலாம் என்று முடிவு செய்து பியூலாவை அழைத்தேன். செய்தி வந்த பிறகு அவளோடு நான் பேசியது அதுதான் முதல் முறை. வர வேண்டாம் என்றாள்.

"நீங்க வந்து எறங்குனா அதையும் பாப்பாவ மாமா. இவ்வளவு தூரத்துல இருந்து ஓடி வந்திருக்காருன்னா, எவ்வளவு பெரிய விஷயம்னு பேசுவாவ."

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவர் பாவம் என்றாள். அவர் மேல் கோபம் இல்லை, ஆனால் அவர் சொல்வதைக் கேட்கவும் தோன்றவில்லை என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"கோர்ட்டுல சொன்னா அதையும் இப்பிடிப் போடுவாவளா மாமா?"

உள்ளே சொல்வது வெளியே வரக் கூடாது, அது சட்டம் என்றேன். வாசலில் அவள் ஏறி இறங்குவதைப் பார்க்க ஆள் நிற்காது என்று என்னால் உறுதி கொடுக்க முடியவில்லை. கொடுக்கவும் இல்லை.

"எனக்கு இருபத்திரெண்டுன்னு போட்டிருக்காவ. எனக்கு இருபத்திமூணு முடிஞ்சாச்சு. ஸ்டேஷன்ல எழுதும்போதே தப்பா எழுதிருக்காவ, அத அப்பிடியே போட்டிருக்காவ. வயசக்கூட எங்கிட்ட ஒரு ஆளும் கேக்கல மாமா."

சிரித்தாள்.

"இப்ப நான் சொல்லுதத கேக்கணும்னே ஒரு ஆளு உக்காந்திருப்பாருல்லா. போறேன். அப்பா வரலைன்னாலும் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்."

7

தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலிரண்டு வாசகனாக. மூன்றாவது பழைய ஊழியனாக, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, ஒரு வழக்கறிஞரின் பெயரோடு. மூன்றாவதற்குப் பிறகு இணையத்தில் ஊர்ப் பெயரை எடுத்தார்கள். பள்ளியையும் கீபோர்டையும் எடுக்கவில்லை. திருத்தியதாகக் குறிப்பும் இல்லை. 'லீலை' இருக்கிறது. அதை எடுத்தால் தேடுகிறவர்களுக்குச் செய்தி அகப்படாது என்று முருகேசனிடம் இணையப் பிரிவில் சொன்னார்களாம். லீலை என்று தேடி வருகிறவர்களுக்காக அந்தச் செய்தியை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த வாசகர்களின் தேவை அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

முருகேசன் கண்ணாடியிலிருந்து என் தாளைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். வேறு எழுதித் தரச் சொன்னார். எழுதி அனுப்பினேன். ஒட்டுவதற்குச் செய்தி ஆசிரியர் அனுமதிக்க வேண்டும் என்றார். இன்னும் அனுமதி வரவில்லை.

மறுவாரம் புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பியூலாவும் என் தங்கையும் கோவில்பட்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேவராஜ் காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி, அவர்களுக்குப் பின்னால் வேறொரு பேருந்தில் வந்து வாசலில் நின்றிருக்கிறார். பியூலா இரண்டு மணி நேரம் மாஜிஸ்திரேட் முன்னால் பேசினாள்.

அவளைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று வியாழக்கிழமைப் பதிப்பை நான் முழுவதும் படித்தேன். மாவட்டப் பக்கத்தில் கோவில்பட்டிச் செய்திகள் நான்கு இருந்தன. எட்டயபுரம் சாலையில் லாரி கவிழ்ந்தது. உளுந்துக்கு நிவாரணம் கேட்டு விவசாயிகள் மனு கொடுத்தார்கள். ஒரு பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. குடிநீர்க் குழாய் உடைந்து இரண்டு நாளாகத் தண்ணீர் ஓடுகிறது.